முதுகுத் தாளில் அறுபது

புத்தகத்தின் முதுகை உரித்தாகிவிட்டது. உள்ளே இருந்தது பல்பொடி விளம்பரம்.

வேறு யாருடைய புத்தகமாக இருந்தாலும் காலில் விழுந்து சமாளித்திருப்பேன். அது வக்கீல் ஸ்ரீனிவாசராகவனின் சட்டப் புத்தகம். அவரோ எங்களுக்கு எதிர்த்தரப்பு வக்கீல். உரித்த இடம் தியாகராய நகரில், தொழில் தகராறுகளை விசாரிக்கும் டிரிப்யூனல். மேடையில் ஜட்ஜ் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். என் ஒரு கையில் தாள் மடிக்கிற மூங்கில் பட்டை, மறு கையில் கிழிந்த சிவப்புக் காலிகோ துணி.

"அடியே அப்சர்! இன்னாடி பண்ணிட்டே?" பெஞ்சிலிருந்து அம்மா கத்தினாள்.

வக்கீல் கிழிந்த புத்தகத்தை, கீழே விழுந்த பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினார். முதுகில் ஒட்டியிருந்த தாளை உரக்கப் படித்தார். "காலையும் மாலையும் தேய்த்தால் முத்துப் போன்ற பற்கள்! யுவர் ஆனர், தொழிலாளர் தரப்பு சாட்சி இதுதான் போலிருக்கு. இதைக் குறுக்கு விசாரணை பண்ண எனக்குத் தைரியம் இல்லை."

ஹால் முழுக்கச் சிரிப்பு. வாசலில் நின்ற டவாலி சேவகன்கூடத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஐயா," என்றேன். சிரிப்பில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ஐயா, புத்தகம் மாறிப்போச்சி. இன்னொண்ணு கிழிக்கணும்."

மேலே சொல்வதற்கு முன் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இப்போது ராத்திரி, வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. டிரிப்யூனலை நினைத்துப் பயமில்லை. அது நல்லபடியாகத்தான் முடிந்தது, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிற அளவுக்கு. என் பயமெல்லாம் அங்கே நான் ஆட்டிய ஒரு தலையாட்டலைப் பற்றித்தான். அது கடைசியில் வரும்.

என் பேர் அஃப்சருன்னிசா. வயது பதினாறு. என் அம்மா ஹாஜிரா பீ, மந்தைவெளியில் பத்ரிநாராயணன் முதலாளியின் அச்சாபீசில் பதினொரு வருஷமாகப் புத்தகம் தைக்கிறாள். அச்சான தாளை மடித்து, அடுக்கி, ஊசி நூலால் தைத்து, முதுகுக்குப் பசை தடவி, காலிகோ ஒட்டினால் அது புத்தகம். அத்தா கல்யாணச் சமையல்காரர். கல்யாணம் இருக்கிற மாதத்தில் எங்கள் வீட்டில் நெய் மணக்கும். இல்லாத மாதத்தில் அம்மாவின் ஊசிதான் அடுப்பு மூட்டும்.

பத்ரிநாராயணன் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் வாயால் சொல்லமாட்டார், அச்சடித்துத்தான் சொல்வார். "குழாயை மூடவும்" என்பதற்குக்கூட நாலு பக்கமும் பூக்கொடி பார்டர் போட்டு நோட்டீஸ் ஒட்டுவார். அந்தப் பார்டர் என்றால் அவருக்கு உயிர். பம்பாயிலிருந்து வரவழைத்தது.

சுதந்திரம் வந்த அடுத்த தை மாதம், பள்ளிக்கூடப் புத்தக வேலை குவிந்தபோது, பைண்டிங் பகுதியில் அப்படி ஒரு நோட்டீஸ் வந்தது. நாளொன்றுக்கு அறுபது புத்தகம் வீதம் ஆறு மாதம் தவறாமல் தைப்பவர் பைண்டிங் மேஸ்திரியாக நியமிக்கப்படுவார் என்று அதில் இருந்தது.

மேஸ்திரி என்றால் லேசு இல்லை. மாதச் சம்பளம். மழைக்காலத்தில் வேலை குறைந்தால் மற்றவர்களைப் போல "இன்னிக்கு வேணாம், வூட்டுக்குப் போ" என்று அவரைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். இதுவரை ஒரு பொம்பளை அந்த வேலைக்கு வந்ததில்லை. அம்மா அந்த நோட்டீஸை என்னை அழைத்துப்போய் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அறுபதுதானே? ஊசி தேயறவரைக்கும் தைக்கிறேன் பாரு," என்றாள்.

தைத்தாள். ஆறு மாதம் முடிந்த அன்று ஒரு தட்டு நிறைய ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலை சுவரில் புது நோட்டீஸ். அதே பூக்கொடி. அறுபது இருந்த இடத்தில் எழுபத்தைந்து.

"அது ஒரு உற்சாகத்துக்காகப் போட்டது, ஹாஜிரா பீ. இப்போ ஆர்டர் ஜாஸ்தியாயிடுத்து. எழுபத்தஞ்சைப் பிடி, பார்க்கலாம்," என்றார் முதலாளி.

பகல் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் தைத்தாலும் அம்மாவின் ஒரு ஜோடிக் கைக்கு எழுபத்தைந்து வரவில்லை. மிச்சம் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. நானும் தைக்க உட்கார்ந்தேன். இரண்டு பேருமாக அதைப் பிடித்தபோது ஆயுத பூஜை வந்தது. பைண்டிங் பகுதிக்கு வெள்ளையடித்தார்கள். காய்ந்த சுவரில் அடுத்த நோட்டீஸ் வந்தது. தொண்ணூறு.

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவள் பச்சையம்மா. புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. "அக்கா, அடுத்த தபா நூத்தியஞ்சு வரும். அப்பால மொதலாளி நம்மள மேஸ்திரியாக்க மாட்டாரு, மெஷினாக்கிடுவாரு. ராவானா எண்ணெ ஊத்தி மூடி வெச்சிட்டுப் போவாரு," என்றாள்.

அப்போதுதான் எங்கள் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் வேதநாயகம் அண்ணன் கோபமாகக் கிளம்பினார். அவர் அதே அச்சாபீசில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர். சாந்தோம்காரர். லேபர் ஆபீசரிடம் மனுக் கொடுத்தார். பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே முதலாளி தரப்பில் ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். கணக்கு எப்போதுமே தொண்ணூறுதானாம். அறுபது என்று யாரும் அறிவிக்கவே இல்லையாம். எழுத்தில் இல்லாததை ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் வழக்கு டிரிப்யூனலுக்குப் போனது.

பழைய நோட்டீஸ் எங்கே? சுவரில் இருந்தது வெள்ளைச் சுண்ணாம்போடு சுரண்டப்பட்டுவிட்டது. "நாந்தாம்மா கோத்தேன். என் வெரலுக்கு ஞாபகம் கீது. ஆனா எழுத்தையெல்லாம் அன்னிக்கே பிரிச்சி அதுங்க அதுங்க கட்டத்துல போட்டாச்சே! வெரல கோர்ட்டுல காட்ட முடியுமா?" என்று வேதநாயகம் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்று காலை ஒரே ஜட்காவில் நாங்கள் ஐந்து பேர் ஏறினோம். நான், அம்மா, அத்தா, பச்சையம்மா, வேதநாயகம் அண்ணன். எங்கள் தரப்பில் பேசப்போகிற அண்ணன் யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு போட்டிருந்தார். கை முழங்கையோடு நின்றுவிட்டது, அந்துருண்டை வாசனை மட்டும் மாம்பலம் வரை வந்தது.

"குதிர தும்முது, நைனா. கோட்ட கழட்டி மடியில வையி," என்றான் ஜட்காக்காரன்.

"கோட்டு இல்லாங்காட்டி ஜட்ஜு என்னை சாட்சின்னு நெனச்சிடுவாருப்பா," என்றார் அண்ணன்.

விசாரணையில் வக்கீல் எழுந்தார். மேஜை மேல் அவருடைய புத்தகங்கள் எட்டு, ஒரே அளவில், சிவப்புக் காலிகோவில் அடுக்கியிருந்தன. "வேலையில் யாரை உயர்த்துவது, எந்த அளவு வைத்து உயர்த்துவது என்பது முதலாளியின் உரிமை, யுவர் ஆனர். அறுபது என்று ஒரு அறிவிப்பு இருந்ததாகச் சொல்கிறார்கள். இருந்தால் காட்டட்டும். ஒரு துண்டு காகிதம் போதும்," என்று சொல்லி ஒரு புத்தகத்தை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார்.

அப்போது அதன் முதுகுத் தலைப்பில் நூல் தெரிந்தது. பச்சை நூல்.

ஊரில் எந்தப் புத்தகத்துக்கும் பச்சை நூல் போட மாட்டார்கள். நான் போட்டேன். போன ஆவணியில், புது பைண்டிங் போட அச்சாபீசில் கொடுத்த இந்த எட்டுப் புத்தகமும் எங்கள் வீட்டு மூட்டையில் வந்தபோது வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது. கடையும் அடைத்துவிட்டார்கள். தர்காவுக்குப் போர்த்துகிற பச்சைத் துணிக்கு அம்மா ஓரம் தைத்து மிச்சம் வைத்திருந்த நூலை எடுத்துத் தைத்துவிட்டேன். அதற்காக அன்று முதுகில் ரெண்டு வாங்கினேன். அதனால் மறக்கவில்லை.

அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அச்சாபீசில் எந்தத் தாளும் வீணாகாது. கழிவுத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, புத்தகத்தின் முதுகில் உள்பக்கமாக ஒட்டுவோம். அப்போதுதான் முதுகு விறைப்பாக நிற்கும். அதை முதுகுத் தாள் என்போம். அந்த ஆவணியில் வந்த கழிவுத் தாளில் பூக்கொடி போட்டதும் இருந்தது. இவ்வளவு அழகான கொடியை வெட்டுகிறோமே என்று அன்று கத்தரிக்கோலை ஒரு நிமிஷம் நிறுத்தினேன். கொடியைத்தான் பார்த்தேன், எழுத்தைப் படிக்கவில்லை. அதற்குள் எழுபத்தைந்து நோட்டீஸ் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்படியானால் நான் வெட்டியது மிஞ்சிக் கிடந்த அறுபது நோட்டீஸா?

"ஐயா, ஐயா," என்று கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. வக்கீல் இங்கிலீஷில் ஏதோ படித்துக்கொண்டே போனார். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் மூங்கில் பட்டையை எடுத்தேன். மேஜையில் மேலாக இருந்த புத்தகத்தைத் தூக்கி, முதுகுக்குள் பட்டையைவிட்டு ஒரே இழுப்பு.

அதில்தான் பல்பொடி வந்தது.

"குழந்தே, நீ என்ன தேடறே?" என்று ஜட்ஜ் ஐயா கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. விஷயம் தெரியாமல் இன்றைக்குச் சாப்பிடப் போகமாட்டேன் என்கிற ஆவல்தான் இருந்தது.

திக்கித் திக்கிச் சொன்னேன். பச்சை நூல், கழிவுத் தாள், பூக்கொடி எல்லாம்.

ஜட்ஜ் ஐயா முதலாளி பக்கம் திரும்பினார். "உங்க அச்சாபீசில் அப்படி ஒட்டறது வழக்கமா?"

பத்ரிநாராயணன் முதலாளி எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரி செய்தார். "வழக்கம்தான், சார். எல்லா அச்சாபீசிலும் அதுதான்."

"அப்போ மீதி ஏழையும் பார்த்துடலாமே?"

வக்கீல் ஏழு புத்தகத்தையும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "யுவர் ஆனர்! இதெல்லாம் இருபது வருஷமாச் சேர்த்த தீர்ப்புகள்!"

"தீர்ப்பை யாரும் தொடப்போறதில்லை, மிஸ்டர் ஸ்ரீனிவாசராகவன். முதுகை மட்டும்தான். ஒரு துண்டு காகிதம் போதும்னு நீங்கதானே கேட்டேள்?"

பசை காய்ந்து கெட்டியாக இருந்தது. கிழித்தால் எழுத்தும் சேர்ந்து கிழியும். கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றேன். ஜட்ஜ் ஐயா தன் முன்னால் இருந்த டம்ளரையே சேவகனிடம் நீட்டினார். துணியை நனைத்து முதுகில் வைத்து ஊறவிட்டேன். மயில்துத்தம் கலந்த பசையின் வாசனை ஹாலில் எழுந்தது. வேதநாயகம் அண்ணன் மூச்சை இழுத்து, "நம்ம ஆபீசு வாசனதான்," என்றார்.

இரண்டாவது புத்தகத்தில் சோப்பு விளம்பரம். "பல்லு தேச்சாச்சி, குளிச்சாச்சி, அப்பால நாஷ்டாதான்," என்று பின்னாலிருந்து பச்சையம்மாவின் குரல். சேவகன் "சைலன்ஸ்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

மூன்றாவது புத்தகத்தில் துணியை எடுத்தபோது முதலில் ஒரு இலை தெரிந்தது. பிறகு ஒரு பூ. பிறகு கொடி. அதன் கீழே பெரிய எழுத்தில் "அறிவிப்பு." நான்காவது புத்தகத்தில் அடுத்த பட்டை. வேதநாயகம் அண்ணன் இரவல் கோட்டு அக்குளில் கிழிய எட்டிப் பார்த்து, உரக்கப் படித்தார். "நாளொன்றுக்கு அறுபது புத்தகம் வீதம் ஆறு மாதம் தவறாமல்..." அதற்கு மேல் படிக்க முடியாமல் என் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். "நாந்தாம்மா கோத்தேன். சொன்னேனே, நாந்தான் கோத்தேன்!"

வக்கீல் லேசில் விடுகிறவர் இல்லை. என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்தப் புத்தகங்களைத் தைச்சது நீதானே?"

"ஆமாங்க."

"அச்சாபீஸ் கணக்கில் இது உன் அம்மா பேரில் இருக்கும். அப்போ உன் அம்மா தைச்ச கணக்கே உன் கணக்குதானே?"

நான் வாய் திறப்பதற்குள் அம்மா எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எழுவத்தஞ்சுலயும் தொண்ணூறுலயும் எம் பொண்ணு தச்சிது, ஐயா. நான் மறைக்கல. என் ரெண்டு கைக்கு ஆவாத கணக்கப் போட்டா மூணாவது கை எங்கேர்ந்து வரும்? வூட்லேர்ந்துதான் வரும். ஆனா அந்த மொத ஆறு மாசம், அறுபதும் என் கை. சித்திரையில பதினோரு நாளு காய்ச்சல்ல கெடந்தேன். வூட்டுக்கே தாள அனுப்பச் சொல்லி படுத்துக்கினே தச்சேன். அப்பக்கூட ஒரு நாளு கொறையல. அறுபதுன்னா அறுபது. வேணும்னா எம் பொண்ணையே கேளுங்க."

ஜட்ஜ் ஐயா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.

அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

வக்கீல் கடைசியாக ஒன்று சொன்னார். "இந்தத் துண்டை எந்த அச்சாபீசிலும் அடிச்சிருக்கலாம், யுவர் ஆனர். இது என் கட்சிக்காரர் அடிச்சதுதான்னு என்ன நிச்சயம்?"

பத்ரிநாராயணன் முதலாளி அதுவரை அந்தப் பூக்கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டென்று திரும்பினார்.

"எந்த அச்சாபீசிலுமா? ஓய், என்ன பேசறீர்? இந்தப் பார்டர் இந்த ஊரிலே என் ஒருத்தன்கிட்டதான் இருக்கு! அந்த மூணாவது இலையிலே ஒரு நறுக்கு இருக்கு பாரும். கீழே போட்டு நானே உடைச்சது. வேற எவன் இப்படி அடிப்பான்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. வக்கீல் மெதுவாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளி அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஹாஜிரா பீ, ஆர்டர் ஏறித்து. கணக்கை ஏத்தினேன். தொழில் நடத்தறவன் வேற என்ன பண்ணுவான்?" என்றார். அவர் குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "மொதலாளி, நீங்க தாள் வெட்டறத பதினோரு வருஷமா பாத்துக்கினு கீறேன். ஸ்கேலு வெச்சி கத்திய இழுக்கிறீங்க. கத்தி பாதி வந்தப்பறம் ஸ்கேல நகத்துவீங்களா? நகத்துனா தாளும் போச்சி, வெரலும் போச்சி. ஆளு வேல செய்யற அளவும் அப்டித்தான். மாத்தணும்னா கத்தி வெக்கறதுக்கு மின்னாடி மாத்துங்க. நான் பாதி தூரம் வந்தப்பறம் மாத்தாதீங்க. வேலக்காரன்கிட்ட வேல வாங்கறது உங்க உரிம. சொன்ன சொல்ல காப்பாத்தறது உங்க கடம."

வெளியே ஒரு சோன்பப்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"தப்பு என்னுதுதான்," என்றார் முதலாளி. "அச்சடிச்ச சொல்லை இல்லேன்னு சொல்லிட்டு நான் அச்சாபீஸ் வச்சிண்டிருக்கறதுல அர்த்தம் இல்லை. சார், ராஜியா முடிச்சுக்கறேன்."

அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஹாஜிரா பீ முதல் தேதியிலிருந்து பைண்டிங் மேஸ்திரி. அடுத்து யார் மேஸ்திரிக்கு உதவியாள் ஆவது என்பதற்கு ஒரு அளவு வைத்து நோட்டீஸ் போட வேண்டும், அந்த அளவை நடுவில் மாற்றக் கூடாது. அளவைச் சொல்ல வேண்டியவர் புது மேஸ்திரி. ஜட்ஜ் ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து ஒரே ஸ்கேலைப் பிடிச்சுண்டா எனக்கு வேலை குறையும்," என்று சொல்லிவிட்டு, காலி டம்ளரைப் பார்த்துச் சிரித்தார்.

வக்கீலின் புத்தகங்களை மறுபடியும் பைண்ட் செய்வதுதான் அம்மாவின் முதல் வேலை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கொடுத்தார். ஜட்காவில் ஏற்றும்போது என் காதருகில் வந்து, "பச்சை நூலே போடு. நன்னாத்தான் இருந்தது," என்றார்.

சாயங்காலம் அத்தா வாசலில் அடுப்பு மூட்டி, கல்யாணத்துக்கு வைப்பது போலப் பெரிய சட்டியில் சேமியா பாயசம் காய்ச்சினார். லஸ் பக்கத்துச் சனம் பாதி எங்கள் சந்தில் நின்றது. வேதநாயகம் அண்ணன் கிழிந்த கோட்டைப் போட்டுக்கொண்டே நாலு தடவை கதை சொன்னார். நாலாவது தடவை சொன்ன கதையில் வக்கீல் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு பச்சையம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். வேலையில்லாத மழைக்காலங்களில் அவள் எத்தனை நாள் வெறும் கஞ்சி குடித்தாள் என்று எங்களுக்குத் தெரியும். அந்த உதவியாள் வேலைக்கு அடுத்த வரிசை அவள்தான்.

"அக்கா, நோட்டீசுல எவ்ளோ போடப் போறே?"

"அறுபது," என்றாள் அம்மா. "நான் தச்சதுதானே? காய்ச்சல்லயே தச்சேன்."

"அதான பாத்தேன். காய்ச்சல்ல நீ தச்சிகீறே. எனக்கு கை காலு நல்லாத்தான கீது? தச்சிட மாட்டேன்?" பச்சையம்மா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். "அறுபது புடிக்க முடியாங்காட்டி அது என் கோளாறு, அக்கா. உன் கணக்கு மேல கொற சொல்ல முடியாது."

அவள் போனதும் அம்மா ஒரு துண்டுத் தாளை என்னிடம் கொடுத்தாள். அவளுக்கு எழுத வராது. "அறுபதுன்னு எழுதி வை, கண்ணு. காலையில எட்டு மணிக்கு வேதநாயகம் எழுத்து கோக்கணும்," என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். படுத்ததும் தூங்கிவிட்டாள். தூக்கத்திலும் முகம் சிரித்தபடிதான் இருக்கிறது.

இப்போது அந்தத் தலையாட்டல்.

சித்திரையில் அந்தப் பதினோரு நாளும் அம்மா அறுபது தைக்கவில்லை. முப்பது தைப்பாள், சில நாள் நாற்பது. அப்புறம் காய்ச்சல் தூக்கி அடித்துவிடும், கையில் ஊசியோடு அப்படியே கண் அயர்ந்துவிடுவாள். ஊசியை எடுத்து மிச்சத்தை நான் தைத்து அடுக்கி வைப்பேன். விடிந்ததும் எண்ணிப் பார்ப்பாள். "காய்ச்சல்லகூட அறுபது, பாத்தியா!" என்பாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் சொல்லவில்லை, அதனால் இரண்டாம் நாளும் சொல்ல முடியவில்லை. இன்று வரை அவளுக்குத் தெரியாது. அவள் ஜட்ஜ் ஐயாவிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் தலையாட்டினேன்.

இப்போது சொன்னால் என்ன ஆகும்? "தவறாமல்" என்றுதானே நோட்டீசில் இருந்தது? பதினோரு நாள் தவறிவிட்டது என்று யாராவது எழுந்தால் மேஸ்திரி வேலை போய்விடுமா? போகாவிட்டாலும் அம்மாவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போய்விடும்.

சொல்லாவிட்டால் காலையில் பூக்கொடிக்கு நடுவில் அறுபது அச்சாகும். பச்சையம்மா சந்தோஷமாக உட்காருவாள். அவளுக்கும் ஒரு காய்ச்சல் வரும், யாருக்குத்தான் வராது? முப்பதோடு கண் அயர்வாள். விடிந்து எழுந்து எண்ணினால் முப்பதுதான் இருக்கும். மிச்சத்தைத் தைத்து அடுக்கி வைக்க அவள் வீட்டில் யாரும் இல்லை. அப்போது அவள் அறுபதைக் குறை சொல்லமாட்டாள், தன்னைத்தான் சொல்லிக்கொள்வாள். பாதியில் நகர்த்திய ஸ்கேல் அநியாயம் என்று அம்மா இன்று ஹால் முழுக்கக் கேட்கச் சொன்னாள். இரண்டு பேர் கையை அளந்து ஒருத்தி கையென்று போட்ட ஸ்கேலும் அநியாயம்தான். அது எனக்குத் தெரிகிறது.

தாள் என் முன்னால் வெறுமையாக இருக்கிறது. மூங்கில் பட்டையை வைத்து அதைப் பறக்காமல் பிடித்திருக்கிறேன். எதை எழுதினாலும் எட்டு மணிக்கு வேதநாயகம் அண்ணன் எழுத்துக் கோர்த்துவிடுவார்.

என்னைப் போல ஒரு மகள் வீட்டில் இல்லாத பொம்பளை, காய்ச்சல் நாளையும் சேர்த்து, ஒரு நாளைக்கு எத்தனை புத்தகம் தைக்க முடியும்?